நம்பரை அழிப்பதற்கு முன் காட்டுங்கள்

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று மயிலாப்பூரில் யாரிடம் சொன்னாலும் யோசனைக்குப் பஞ்சமில்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து மாட்டுங்கள், போய்விடும் என்பார் ஒருவர். பழைய வண்டி, இனி ஒவ்வொன்றாகக் கிளம்பும், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்பார் இன்னொருவர். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவரையும் எனக்குத் தெரியும். இவை எல்லாவற்றையும்விட மரியாதையாகத் தோன்றும் பதில் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும்: "ஸ்கேன் போட்டுட்டோம் சார். சென்சார் போயிடுச்சு. மாத்தணும்." கம்ப்யூட்டரே சொல்லிவிட்ட பிறகு நாம் என்ன பேசுவது? கார்டை நீட்டிவிடுகிறோம்.

பேச வேண்டும் என்பது என் கட்சி. கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகினால் எஞ்சின் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள கோடுகளைக் கொடுக்கும். பி என்ற எழுத்து, பின்னால் நாலு இலக்கம். பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து பூஜ்யம் இருந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட். ஒன்று இருந்தால் அந்தக் கம்பெனிக்கே உரியது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0335 என்றால் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. கவனியுங்கள், சென்சாரில் அல்ல, அதன் சர்க்யூட்டில். சென்சார், அதற்கு வரும் வயர், நடுவிலுள்ள கப்ளர், எர்த் எல்லாம் அதில் அடக்கம். பழுது இவற்றில் எங்கே என்று அந்த நம்பருக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் பேசுகிறார்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன் செத்துப்போச்சு என்று புகார் வந்தால் டெஸ்ட் டெஸ்கில் உட்கார்ந்து அந்த லைனைச் சோதிப்போம். லூப், எர்த், டிஸ்கனெக்‌ஷன் என்று ஏதாவது ஒன்று தெரியும். அதைச் சீட்டில் எழுதி லைன்மேனிடம் கொடுப்போம். எர்த் என்று வந்தால் கச்சேரி ரோடு பில்லர் பாக்ஸில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், கேபிள் ஜாயின்ட் ஊறியிருக்கலாம், சந்தாதாரர் வீட்டுச் சுவரில் ஆணி அடித்திருக்கலாம். சீட்டைப் பார்த்ததும் "டெலிபோன் கருவியை மாத்துங்க" என்று ஒரு லைன்மேன் சொல்லியிருந்தால், எங்கள் மேலதிகாரி ஜே.டி.ஓ. அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார். கார் விஷயத்தில் மட்டும் இந்தப் பேச்சை நாம் விஞ்ஞானம் என்று ஏற்றுக்கொள்கிறோம்.

என் கார் 2010 கடைசியில் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக். கம்பெனி பெயர் எதற்கு, குற்றம் கம்பெனியுடையது அல்ல. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சென்னை உட்பட 13 நகரங்களில் பி.எஸ். 4 விதிகள் அமலுக்கு வந்தன. புதிய கார்களில் ஓ.பி.டி. எனும் இந்தச் சுயசோதனை ஏற்பாடு கட்டாயமானதும் அப்போதுதான். மஞ்சள் விளக்கு எரிந்தது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் லேசாக உதறியது, மைலேஜும் இறங்கியிருந்தது. ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஆக்ஸிஜன் சென்சார் மாற்ற வேண்டும், அதோடு த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங் என்று எஸ்டிமேட் ஐந்து இலக்கத்தைத் தொட்டது. என்ன கோட் வந்தது என்று கேட்டேன். "லீன் கோட் சார். ரீசெட் பண்ணிட்டோம், இப்ப லைட் இல்ல பாருங்க" என்றார் அட்வைசர், எனக்கு ஏதோ உபகாரம் செய்தவர் போல.

அவர் அழித்தது ஒரு நம்பரை மட்டுமல்ல. கோட் பதிவாகும் நொடியில் எஞ்சின் என்ன நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். எத்தனை ஆர்.பி.எம்., கூலன்ட் என்ன சூடு, வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா, எஞ்சின்மேல் எவ்வளவு லோடு, எல்லாம் அதில் இருக்கும். துப்புத் துலக்க உதவுவது நம்பரைவிட இதுதான். ரீசெட் பட்டனை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றும் மயிலாப்பூர் வைத்தியத்திலும் பல வண்டிகளில் இதேதான் நடக்கிறது. ரேடியோ ஸ்டேஷன்களும் கூடவே போகும் என்பதுதான் வித்தியாசம்.

சென்சார் வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்து வந்தேன். எதிர்பார்த்தபடியே விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை மந்தைவெளியில் எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். தெருவில் எல்லாருக்கும் அவர் பாய். கார்ப்பரேட்டர் காலத்தில் தொழில் கற்றவர். சில நூறு ரூபாய்க்கு ரிச்சி தெருவில் கிடைக்கும் ப்ளூடூத் டப்பா ஒன்று, அவர் மகனின் பழைய செல்போன், இவ்வளவுதான் அவருடைய ஸ்கேனர். செருகினார். பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். அழிக்கவில்லை. போனை என் பக்கம் திருப்பி, "படம் புடிச்சுக்குங்க சார்" என்றார்.

ஃப்ரீஸ் ஃப்ரேமில் எஞ்சின் நல்ல சூடு, வேகம் பூஜ்யம், ஐட்லிங்கில் நின்ற நேரம். அடுத்து அவர் பார்த்தது ஃப்யூயல் ட்ரிம். கம்ப்யூட்டர் தன் கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலுக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கச் சொன்னார். ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. இதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பெட்ரோல் பம்ப் பலவீனம், ஃபில்டர் அடைப்பு என்றால் நிலைமை தலைகீழாக இருக்கும். எஞ்சின் அதிகம் கேட்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். நின்றால் மோசம், ஓடினால் சரி என்றால் எங்கோ காற்று புகுகிறது.

எங்கே? இன்டேக் பக்கத்து ஹோஸ்களை விரலால் தடவிப் பார்த்தார், விரிசல் இல்லை. "காலைல வர்றேன் சார், ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் குளிர்ந்த எஞ்சினை நான் ஸ்டார்ட் செய்ய, அவர் பானெட்டுக்குள் காதை வைத்துக் கேட்டார். டிக் டிக் டிக் என்று மெல்லிய சத்தம். எஞ்சின் சூடேறச் சூடேற அது மங்கி, பிறகு மறைந்தே போனது. உதவிக்கு இருந்த பையனிடம் ஈரத் துணியைக் கொடுத்து சைலன்சர் வாயை ஒரு நொடி அழுத்தச் சொன்னார். சத்தம் திரும்பியது, இந்தத் தடவை உஸ்ஸென்று. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டின் ஓரத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். துருப்பிடித்த போல்ட்டுக்குப் பக்கத்தில், கண் மை தீட்டிய அளவுக்கு ஒரு கரிக்கோடு.

இனி நடந்தது என்ன என்று சொல்கிறேன். ஆக்ஸிஜன் சென்சார் எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கிறது. வெளியேறும் புகையில் மிச்சமுள்ள ஆக்ஸிஜனைப் பார்த்துச் சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் அதிகம் என்றால் வோல்ட் குறைவு. கேஸ்கட் ஓட்டை வழியாகப் புகை வெளியே போகிறது. ஆனால் ஐட்லிங்கில் ஒவ்வொரு அடிக்கும் நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறையும் கணத்தில் வெளிக்காற்று உள்ளேயும் வருகிறது. சென்சார் அந்தக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்துச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி, பெட்ரோல் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றுகிறது. அதாவது கோட் சொன்னது பெட்ரோல் குறைவு. எஞ்சினுக்குள் உண்மையில் பெட்ரோல் அதிகம். உதறலும் மைலேஜ் இறக்கமும் அதனால்தான். சென்சார் தன் இடத்தில் இருந்ததை இருந்தபடியே சொன்னது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி இருக்கிறதே, இங்கே அம்பை நொந்ததோடு புது அம்புக்கு எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுத்தார்கள். புது சென்சார் மாட்டியிருந்தாலும் அது இதையேதான் சொல்லியிருக்கும். அதற்குள் ரீசெட் செய்த விளக்கு சில நாள் எரியாமல் இருக்கும், நானும் சரியாகிவிட்டது என்று நம்பியிருப்பேன்.

ஜி.பி. ரோட்டில் கேஸ்கட்டும் ஸ்டட் போல்ட்டும் வாங்கி மாற்றியதற்கு, சென்சார் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை.

இதற்கெல்லாம் இ20 பெட்ரோல்தான் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு எரிபொருளைக் கூட்டித்தான் ஊற்ற வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. ஆகவே பழைய வண்டியின் ட்ரிம் ஏற்கெனவே கொஞ்சம் மேலே ஏறித்தான் நிற்கும். முன்பு விளக்கை எரிய வைக்காத சின்ன ஓட்டை இப்போது எரிய வைக்கும். ஆனால் ஓட்டை ஓட்டைதான். பங்கில் போட்ட பெட்ரோலைத் திட்டிக்கொண்டு கேஸ்கட்டை விட்டுவிட முடியாது.

நம் பக்கத்துக் கார்களுக்கு இன்னொரு எதிரி உண்டு. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளின் பானெட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். உப்புக்காற்று அதில் பச்சையாகப் பூத்திருக்கும். எர்த் சரியில்லை என்றால் ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எஞ்சினே முடிந்தது என்று தோன்றும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து முடுக்கினால் எல்லாம் ஓய்ந்துவிடும். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மூழ்கி, துடைத்து விற்கப்பட்ட கார்களின் கப்ளர்கள் தனிக் கதை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

ஸ்கேனர் இல்லாமலே கோட் படித்த காலமும் இருந்தது. 1990-களின் கடைசியில் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினோடு வந்த மாருதிகள் நினைவிருக்கும். அந்தக் கால சுசுகி கம்ப்யூட்டர்கள் பலவற்றில், குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து இக்னிஷனைப் போட்டால் செக் விளக்கே கண் சிமிட்டிப் பதில் சொல்லும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல்: 12, கோளாறு ஒன்றுமில்லை. 13 என்றால் ஆக்ஸிஜன் சென்சார் சர்க்யூட். டாஷ்போர்டில் வண்டிக்காரன் கண்ணெதிரே எரிந்து அணையும். ஸ்கேனர் வந்த பிறகு கோடுகள் ஆயிரக்கணக்கில் பெருகின, விவரமும் கூடியது. ஆனால் திரை நம் பக்கம் திரும்புவதில்லை.

இந்தச் சுயசோதனை ஏற்பாடு யாருக்காக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், நகரங்களை மூடிய புகைமூட்டத்தை அடக்குவதற்காக 1988 மாடல் கார்களிலிருந்து சுயசோதனையைக் கட்டாயமாக்கியது. 1996 மாடலிலிருந்து அந்த நாடு முழுவதும் ஒரே சாக்கெட், ஒரே கோட் மொழி வந்தது. யார் வேண்டுமானாலும் படிக்க முடிய வேண்டும், எந்த மெக்கானிக்கும் சரிசெய்து புகையைக் குறைக்க வேண்டும் என்பதே அந்தப் பொதுமொழியின் நோக்கம். நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. 2011-இல் ஒரு தனிநபர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கில், 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தது முக்கியக் குற்றச்சாட்டு. அவற்றை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது. சில கம்பெனிகளின் மேல்முறையீட்டில் 2016-இல் அபராதம் குறைக்கப்பட்டது. தவறு என்ற முடிவு மாறவில்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனமும் ஒரு துறை. இத்தனைக்குப் பிறகும் என் வண்டியின் நம்பரை நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அட்வைசர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பார்த்ததற்குக் காசு கொடுக்க மாட்டோம் என்று அடம்பிடிப்பவர்கள் நாம்தான். "சும்மா காதை வச்சுக் கேட்டாரு, அதுக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்கிறோம். அதே நாம் அட்டைப் பெட்டியோடு வரும் பாகத்துக்கு மறுபேச்சுப் பேசாமல் பணம் கட்டுகிறோம். பாய் இரண்டு நாள் யோசித்து, காலையில் வந்து, காது வைத்துக் கண்டுபிடித்தார். கேஸ்கட் விலையையும் கூலியையும் மட்டும் வாங்கிக்கொண்டால் அவருக்கு என்ன மிஞ்சும்? அடுத்த தடவை அவரும் சென்சார் மாற்றலாம் என்றுதான் சொல்வார், சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கண்டுபிடித்ததற்கு என்று தனியாகக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். பில்லில் "சோதனைக் கட்டணம்" என்று ஒரு வரி இருந்தால் அவருக்கு அந்தத் தயக்கம் வேண்டியிராது.

எனக்கு வேண்டியது பெரிய சட்டம் எதுவும் இல்லை. ஜாப் கார்டில் கோட் எழுதியிருக்க வேண்டும், ஃப்ரீஸ் ஃப்ரேமோடு. வாடிக்கையாளர் பார்க்கும்வரை அழிக்கக் கூடாது. ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் அது கெட்டது என்று தெரிந்தது என்பதை அதே தாளில் ஒரு வரியில் எழுத வேண்டும். "ஸ்கேனில் வந்தது" என்பது சோதனை ஆகாது. இதைக் கேட்டு மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் போன் செய்யலாம். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பழைய வண்டிகளைத் தெருவிலிருந்து அகற்ற வேண்டும் என்று அரசு நினைப்பது எனக்குப் புரிகிறது. 15 வருஷம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய். அதன் பிறகு 5,000. மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீசில் நானும் கட்டினேன். ஆனால் பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கப் போகும்போது சைலன்சரில் குழாயை விட்டு அளப்பதோடு சரி, அந்த மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை. ஒழுங்காகக் கண்டுபிடித்துச் சரிசெய்த பழைய கார், விளக்கில் டேப் ஒட்டி ஓட்டும் புதிய காரைவிடக் குறைவாகவே புகை விடும். அப்படிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களைப் பெருக்குவதுதான் அரசு செய்யக்கூடிய காரியம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில்துறை 4.0 என்ற பெயரில் நவீனப்படுத்தியிருக்கிறார்கள். வகுப்புகள் பத்தாவது முடித்த பையன்களுக்காக நடக்கின்றன, நடக்கட்டும். கிண்டி ஐ.டி.ஐ.யில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு மெக்கானிக்குகளுக்கென்று ட்ரிம் எப்படிப் பார்ப்பது, ஆசிலோஸ்கோப் எப்படிப் பிடிப்பது என்று தமிழில் ஒரு வகுப்பு நடத்தினால் என்ன? பாயிடம் கேட்டேன். ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், கறிக்கடைக்குப் போக வேண்டும், மதியத்துக்கு மேல் என்றால் வருகிறேன் என்றார். கூட ராயப்பேட்டையிலிருந்து இரண்டு பேரை அழைத்து வருவாராம்.